குழாய்க்கு நிழல், கூலிக்கு வெயில்

630 மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்பு எச்.டி.பி.ஈ. குழாய், 12 மீட்டர் நீளம், பி.என். 10 அழுத்த ரகம். இதன் எடை ஏறத்தாழ 800 கிலோ. அதைவிடச் சின்னதான 315 மி.மீ. குழாயை எடுத்துக்கொண்டால் 6 மீட்டர் துண்டு ஒன்றே 100 கிலோவைத் தொடும். "பிளாஸ்டிக் பைப்புதானே, நாலு பேர் சேர்ந்தால் இறக்கிவிடலாம்" என்று தளத்தில் சொல்லப்படுவது இந்தக் குழாய்களைப் பற்றித்தான்.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள், வயதுவந்த ஓர் ஆண் கருவி உதவியின்றித் தூக்கக்கூடிய உச்ச எடை 55 கிலோ என்கின்றன. பெண்ணுக்கு 30 கிலோ. 800 கிலோ குழாயை இந்தக் கணக்கில் தூக்க 15 ஆண்கள் வேண்டும். அதுவும் சமதரையில், எல்லோரும் ஒரே நொடியில், ஒரே உயரத்துக்குத் தூக்கினால். ஆனால் குழாய் கிடப்பது தரையில் இல்லை, இடுப்புக்கு மேலே லாரித் தட்டில். அதன் மேல் இன்னும் இரண்டு வரிசை இருக்கும்.

ஆகவே யாரும் தூக்குவதில்லை, உருட்டுகிறார்கள். லாரியின் பக்கவாட்டில் இரண்டு சவுக்குக் கட்டைகளைச் சாய்த்து, மேலே இருவர் கயிற்றைப் பிடிக்க, கீழே நால்வர் கையால் தாங்க, குழாய் இறங்குகிறது. கயிறு நழுவினால் கீழே இருப்பவர் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை. இந்த வேலைக்குக் கூலிப் பட்டியலில் பெயர் 'திறன்சாரா வேலை'.

ஊர் ஊராக இப்போது குழாய் இறங்கிக்கொண்டிருக்கிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள், நகராட்சிகளின் பாதாளச் சாக்கடைத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பொருள் பிளாஸ்டிக் குழாய். எத்தனை வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தோம் என்ற எண்ணிக்கை அரசு இணையதளத்தில் நாள்தோறும் ஏறுகிறது. அந்தக் குழாயை இறக்கியது யார், எப்படி இறக்கினார் என்பதற்கு அங்கே இடம் இல்லை. சாதி ஒழிப்பு பேசுகிற நாமும் அதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

குழாய்க்கு எழுதப்பட்ட விதிகள்

முதலில் குழாய்க்கு எவ்வளவு அக்கறை காட்டப்படுகிறது என்று பாருங்கள். பி.வி.சி. குழாயை நேரடி வெயிலில் நீண்ட நாள் போடக் கூடாது. நிறம் மங்கும், அடி தாங்கும் வலு குறையும். அதனால் மேலே கூரையோ தார்ப்பாயோ வேண்டும், உள்ளே காற்றோட்டமும் வேண்டும். கல்லும் முள்ளும் கிடக்கும் தரையில் வைக்கக் கூடாது. மரச்சட்டங்களைச் சீரான இடைவெளியில் போட்டு அதன்மேல்தான் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் வளைந்துவிடும். பி.வி.சி. அடுக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. அடியில் இருக்கும் குழாய் நசுங்கி முட்டை வடிவமாகும். ஒரு முனை விரிந்த சாக்கெட் குழாய்களை முனை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். எச்.டி.பி.ஈ. குழாயைத் தார்ச்சாலையில் இழுக்கக் கூடாது. கீறல் விழுந்த இடத்தில் நாளை அழுத்தம் தாங்காது. சங்கிலியோ இரும்புக் கம்பிவடமோ போட்டுத் தூக்கக் கூடாது. அகலமான நைலான் பெல்ட் மட்டும்.

இவை எல்லாம் சரியான விதிகள். குழாய் ஐம்பது ஆண்டு மண்ணுக்குள் கிடக்க வேண்டிய பொருள். அதை மக்கள் பணத்தில் வாங்குகிறோம். பாதுகாக்கத்தான் வேண்டும்.

கேள்வி வேறு. குழாயில் கீறல் இருந்தால் சோதனைக்கு வரும் பொறியாளர் அதைத் திருப்பி அனுப்புவார், பில் நிற்கும். அதே குழாயை இறக்கியவரின் விரல் நசுங்கினால் பில் நிற்குமா? நிற்காது. மருந்துக்கடையில் கட்டுப்போட்டு, கையில் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து அனுப்பினால் அன்றைய கணக்கு முடிந்தது. மறுநாள் வேறு ஆள் வருவார். குழாயைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அதே தளத்தில் நிழலோ குடிதண்ணீரோ இல்லாமல் ஆள்களை மதியம் முழுக்க நிற்க வைப்பது முரண்பாடாகவே யாருக்கும் தோன்றுவதில்லை.

உடல் நசுங்கும் நான்கு இடங்கள்

"கவனமாக இருந்தால் ஒன்றும் ஆகாது" என்பார்கள். பழியைத் தொழிலாளியின் தலையில் ஏற்றுகிற பேச்சு இது. விபத்து எங்கே நடக்கிறது என்று பார்த்தால், கவனத்தைவிட வேலையின் அமைப்புதான் காரணம் என்பது தெரியும்.

முதலாவது, கட்டு அவிழ்க்கும் நொடி. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கி வந்த லாரியில் குழாய்கள் இடம் மாறியிருக்கும். மேலே பார்த்தால் அசையாமல் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பெல்ட்தான். அதை அவிழ்த்ததும் மேல்வரிசை உருண்டு வரும். அவிழ்ப்பவர் நிற்பது அது உருண்டு வரும் பக்கத்தில்தான். எச்.டி.பி.ஈ.யின் மேற்பரப்பு வழவழப்பானது. மழையில் நனைந்திருந்தால் குழாயும் வழுக்கும், அதன்மேல் ஏறி நிற்பவரும் வழுக்கி விழுவார்.

இரண்டாவது, சுருள். சின்ன விட்டக் குழாய்கள் சுருளாகத்தான் வரும். 63 மி.மீ. குழாயின் கனமான ரகத்தில் 100 மீட்டர்ச் சுருள் ஒன்று ஏறத்தாழ 100 கிலோ. எடையைவிட ஆபத்தானது அதற்குள் அடங்கியிருக்கும் விசை. நேராகக் கிடக்க விரும்பும் குழாயை வளைத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாக் கட்டுகளையும் ஒரே நேரத்தில் வெட்டினால் முனை சாட்டைபோல் பாயும். முகத்தில் பட்டால் கண் போகும், பல் போகும். வெளிச்சுற்றிலிருந்து தொடங்கி, முனையைக் கயிற்றால் பிடித்துக்கொண்டு, தேவையான அளவுக்கு மட்டும் ஒவ்வொரு கட்டாக வெட்ட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

மூன்றாவது, தூக்கும் இயந்திரம். கிரேன் வாடகை மிச்சம் என்று ஜே.சி.பி.யின் வாளிப் பல்லில் சங்கிலியை மாட்டிக் குழாயைத் தூக்குவது வழக்கமாகிவிட்டது. மண் தோண்டச் செய்த வாளி அது. சங்கிலி வழவழப்பான குழாயில் நழுவும். ஒரே இடத்தில் கட்டிய நீளக் குழாய் ஒரு முனை தாழ்ந்து சுழலும். சுழலும் குழாயைக் கையால் நிறுத்தச் சொல்கிறார்கள். மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்ப்பதும் கிடையாது.

நான்காவது, அடுக்கி வைத்த பிறகு. பள்ளத்தின் விளிம்பிலேயே குழாயை வைக்கிறார்கள், எடுத்துப் போட வசதி என்று. அந்தச் சுமையில் விளிம்பு சரியும். உள்ளே வேலை செய்பவர் மீது மண்ணும் குழாயும் சேர்ந்து விழும். பக்கத்தில் முட்டுக்கட்டை இல்லாத அடுக்கிலிருந்து அடிக்குழாய் ஒன்றை உருவினால் மொத்தமும் உருளும். தெருவோரம் கிடக்கும் பெரிய குழாய்க்குள் குழந்தைகள் புகுந்து விளையாடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழாயை இறக்கி வைக்க இடம் தேடும்போது கோயில் வாசலையும் பெரிய வீட்டு முகப்பையும் விட்டுவிட்டு, எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள் என்று கருதப்படும் தெருவின் முனையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரியாக இறக்குவது எப்படி

இதில் ரகசியம் எதுவும் இல்லை. குழாய் தயாரிப்பவர்களின் கையேடுகளில் இருப்பதுதான்.

லாரி சமதரையில் நிற்க வேண்டும், மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. என்ஜினை அணைத்து, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். கட்டு அவிழ்ப்பதற்கு முன் ஒருவர் சுற்றிவந்து பாரம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால், கிரேன் பெல்ட்டால் குழாயைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கட்டை அவிழ்க்கலாம். அவிழ்ப்பவர் பாரத்தின் முனைப்பக்கம் நிற்க வேண்டும், உருண்டு வரும் பக்கவாட்டில் நிற்கக் கூடாது. டிரைவர் கேபினில் உட்கார்ந்திருக்கக் கூடாது. கிரேன் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்க வேண்டும். வேறு யாரும் அந்த வட்டத்துக்குள் வரக் கூடாது.

நீளக் குழாயை இரண்டு இடத்தில் பெல்ட் போட்டுத் தூக்க வேண்டும். முனையில் ஒரு கயிறு கட்டித் தள்ளி நின்று திசை திருப்ப வேண்டும். குழாயின் மேல் கை வைக்கக் கூடாது. தொங்கும் குழாயின் கீழே யாரும் போகக் கூடாது. சைகை காட்டுவது ஒருவர் மட்டும். பெரிய குழாய்க்குள் சிறிய குழாய் செருகி வந்திருந்தால், உள்ளே இருப்பது எப்போது வெளியே சரியும் என்று சொல்ல முடியாது. அதைத் தனியாக உருவி எடுத்த பிறகே வெளிக்குழாயைத் தூக்கலாம்.

வைக்கும் இடம் சமமாக இருக்க வேண்டும், பள்ளத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அடியில் மரச்சட்டம், இரண்டு பக்கமும் ஆப்பு அல்லது முட்டு. பெரிய விட்டக் குழாயைக் கையேடு சொல்லும் வரிசைக்கு மேல் அடுக்கக் கூடாது. எடுக்கும்போது மேலிருந்துதான் எடுக்க வேண்டும். சுற்றிலும் வேலி அல்லது கயிறு, இரவில் வெளிச்சம், ஒரு காவலர். இந்தக் குழாய் தீப்பிடித்தால் உருகி ஒழுகி எரியும். பக்கத்தில் குப்பை எரிக்கக் கூடாது, வெல்டிங் செய்யக் கூடாது.

இவ்வளவையும் தெரிந்து செய்பவருக்குத் திறமை இல்லை என்று எந்த நியாயத்தில் சொல்ல முடியும்?

திறமை என்பது யாருக்கு வழங்கப்படும் பட்டம்?

அதே தளத்தில் இரண்டு எச்.டி.பி.ஈ. குழாய்களைச் சூடாக்கி ஒட்டுகிறவர் இருக்கிறார். அவருக்குப் பயிற்சி உண்டு, சான்றிதழும் உண்டு. ஒட்டு சரியில்லையென்றால் தண்ணீர் கசியும், ஒப்பந்ததாரருக்கு நட்டம். கிரேன் ஓட்டுநருக்கு உரிமம் உண்டு. கிரேன் சாய்ந்தால் இலட்சக்கணக்கில் நட்டம். இறக்குகிறவருக்கு மட்டும் பயிற்சி இல்லை. காரணம் எளியது: அவர் கை போனால் ஒப்பந்ததாரருக்கு நட்டம் இல்லை.

மதிப்பீட்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். குழாயின் விலை, கொண்டுவரும் செலவு, இறக்கி அடுக்கும் கூலி எல்லாம் சேர்த்து மீட்டருக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் முடிந்துவிடும். 'அனைத்தும் உட்பட' என்ற இரண்டு சொல்லுக்குள் இறக்கும் வேலை புதைந்து கிடக்கிறது. கிரேனுக்கு என்று தனியாகப் பணம் காட்டாத இடத்தில், கிரேன் எடுக்காமல் விடுவது ஒப்பந்ததாரருக்கு நேரடி லாபம். அவர் துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுப்பார், அவர் மேஸ்திரியிடம் சொல்வார், மேஸ்திரி போனை எடுத்து "ஆறு பேரைக் கூட்டிட்டு வா" என்பார்.

அந்தப் போன் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதில்தான் சாதி தளத்துக்குள் நுழைகிறது. மேஸ்திரியின் தொடர்பு என்பது சொந்தம், ஊர், தெரு. கொத்தனார் வேலைக்கு ஒரு தெரு, மண் வெட்டவும் பாரம் இறக்கவும் இன்னொரு தெரு என்று பழக்கம் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. நிலம் இல்லாத, முன்பணக் கடன் உள்ள, இன்று மறுத்தால் நாளை கூப்பிட மாட்டார்கள் என்று அஞ்ச வேண்டிய நிலையில் உள்ள குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று மேஸ்திரிக்குத் தெரியும். நகரங்களில் இப்போது அந்தப் போன் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தங்கியிருக்கும் தகரக் கொட்டகைக்குப் போகிறது. அவர்களுடைய சாதியை இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே, காலியாக இருந்த அந்தக் கடைசிப் படியில் அவர்களை நிறுத்திவிடுகிறோம்.

இங்கே ஒரு மறுப்பு வரும். "லோடுமேன் வேலையை எல்லாச் சாதியினரும்தான் செய்கிறார்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களில் பிற்படுத்தப்பட்ட சாதியினர் எத்தனை பேர்! இதில் எதற்குச் சாதியை இழுக்கிறீர்கள்?" உண்மைதான், மூட்டை தூக்குவது ஒரே சாதியின் வேலை இல்லை. ஆனால் அந்த மார்க்கெட்டையும் இந்தக் குழாய்த் தளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சங்கம் உள்ள மார்க்கெட்டில் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயம் உண்டு. அதிக எடை வந்தால் "இதைத் தொட மாட்டோம்" என்று சொல்ல முடியும், சொன்னால் லாரி காத்திருக்கும். கேரளத்தில் சுமைத் தொழிலாளர்களுக்கென்று 1978இலேயே தனிச்சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 1994இலிருந்து கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் இருக்கிறது. ஆனால் காலையில் போன் வந்து, பத்து மணிக்கு லாரி ஏறி, மாலையில் கூலி வாங்கிக்கொண்டு போகிற ஆறு பேரில் எத்தனை பேர் கையில் வாரிய அட்டை இருக்கும்?

வேலை எவ்வளவு கடினம் என்பதைவிட, 'முடியாது' என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. அந்தச் சொல்லைச் சிலருக்குக் கொடுத்து, சிலரிடமிருந்து பறித்து வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர்தான் சாதி. பொறியாளர் 'முடியாது' என்றால் அது தொழில்நுட்பக் கருத்து. கிரேன் ஓட்டுநர் சொன்னால் எச்சரிக்கை. சேரியிலிருந்து வந்தவர் சொன்னால் திமிர். சித்தாளாக வந்த பெண் சொன்னால், "நாளையிலிருந்து வர வேண்டாம்".

சட்டம் எதைக் கொடுக்கிறது, எதை மறைக்கிறது

1996ஆம் ஆண்டுச் சட்டம் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கட்டுமான இடங்களுக்குப் பொருந்தியது. தளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு மேஸ்திரியிடமும் ஐந்தாறு பேர் என்று காட்டுவது அந்த எண்ணிக்கையிலிருந்து நழுவும் பழைய தந்திரம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து அந்தச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பிரிவுகள் முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்தின; இப்போது 50 பேர் வேண்டும். ஆய்வாளர் என்ற பதவி 'ஆய்வாளர் மற்றும் வசதியளிப்பவர்' ஆகிவிட்டது. யாருக்கு வசதி என்பதை வாசகரே முடிவு செய்யலாம்.

உயிருக்கு ஆபத்து நெருங்கியிருப்பதாகத் தொழிலாளி கருதினால், முதலாளிக்கும் அந்த ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று அதே தொகுப்பு சொல்கிறது. தெரிவித்துவிட்டு வேலையை நிறுத்தி ஒதுங்கி நிற்கலாமா, நின்றால் அன்றைய கூலி உண்டா என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை, உடனடியான கடும் ஆபத்திலிருந்து நியாயமான காரணத்தோடு விலகிக்கொண்ட தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. பாதுகாப்பான பணிச்சூழலை 2022இல் அந்த அமைப்பு தொழிலாளர்களின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. உறுப்பு நாடு என்ற முறையில் அதை மதிக்கும் கடமை இந்தியாவுக்கும் உண்டு.

இன்னொன்று, எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. விபத்து நடந்தால் "அவர் எங்கள் ஆள் இல்லை, மேஸ்திரியின் ஆள்" என்று முதன்மை ஒப்பந்ததாரர் கைகழுவுவார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவே அதை மறுத்துவிட்டது. தன் தொழிலுக்காக ஒப்பந்தம் விட்டு வேலை வாங்குகிறவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. நூறாண்டாக இருக்கும் கோட்பாடு இது. காயம்பட்டவர் அன்று தளத்தில் வேலை செய்தார் என்பதற்குச் சான்று இல்லாததால்தான் அது தோற்கிறது. ஆகவே ஒரு வருகைப்பதிவில் பெயர் இருப்பது, ஒரு கைப்பேசிப் படம் இருப்பது, தலைக்கவசத்தைவிடச் சில நேரம் பெரிய பாதுகாப்பு.

தண்ணீரும் உழைப்பும் ஒரே மேசையில்

1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்து நீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்தது நம் இயக்கத்தின் வரலாறு. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்ததும் நமக்குத் தெரியும். அதே காலத்தில் நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1945இல் தொடங்கப்பட்ட மத்திய நீர்வழி, பாசன, படகுப் போக்குவரத்து ஆணையம் அவருடைய முயற்சியில் உருவானது. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் தொடக்கம் அது. தொழிற்சாலை வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணியாகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தமும் அவர் துறையிலிருந்து வந்ததுதான்.

தண்ணீரை எல்லோருக்கும் கொண்டுபோவதும், அதைக் கொண்டுபோகும் உழைப்பாளியின் உடலைக் காப்பதும் அவருடைய மேசையில் ஒரே வேலையாக இருந்தன. இன்று அவற்றைப் பிரித்துவிட்டோம். 'சேரிக்குக் குழாய் வந்ததா' என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும், வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட நாட்டில் அந்தக் கேள்வி ஓயக் கூடாது. அதோடு, 'குழாயை இறக்கிய சேரிக்காரர் முழு உடம்போடு வீடு திரும்பினாரா' என்பதும் அதே கேள்வியின் மறுபாதி.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று சுத்தமான புதுக் குழாயாக இறங்குவதில் ஒரு பகுதி நாளை பாதாளச் சாக்கடை ஆகும். அதில் அடைப்பு எடுக்க யார் இறக்கப்படுவார் என்பதை நாம் அறிவோம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கு 10 இலட்சம் என்றது, 2023 அக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. இந்தத் தீர்ப்புகள் பெரும் போராட்டத்தில் கிடைத்தவை. ஆனாலும் செத்த பிறகே கணக்கில் வருகிறோம் என்ற நிலை மாறவில்லை. அதே துணை ஒப்பந்தச் சங்கிலி, பெயர் எழுதாத அதே வருகைப்பதிவு, 'ஆள் கூட்டிட்டு வா' என்ற அதே போன். குழாய் புதிதாக இருக்கும்போதே அந்தச் சங்கிலியைக் கேள்வி கேட்டுப் பழகினால்தான், அது சாக்கடையாகும்போதும் கேட்க முடியும்.

என்ன கேட்பது, எங்கே கேட்பது

மதிப்பீட்டில் குழாய் இறக்குதலும் அடுக்குதலும் கிரேன் வாடகையோடு தனி இனமாக வரட்டும். செலவு தனியாகக் காட்டப்பட்டால்தான் அதைச் செய்யாதபோது பணத்தைப் பிடிக்க முடியும். லாரியின் கட்டை அவிழ்ப்பதற்கு முன் இறக்குகிறவர்கள் எல்லோருடைய பெயரும் பதிவேட்டில் ஏறட்டும், நலவாரியப் பதிவைச் சரிபார்க்கட்டும். கிரேன் வராவிட்டால் இறக்குதல் இல்லை, காத்திருந்த நாளுக்கு முழுக்கூலி என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். 'முடியாது' என்று சொல்லும் உரிமைக்குக் காகிதத்தில் இதுதான் உருவம். இறக்கும் முறையைத் தமிழிலும், தளத்தில் இருப்பவர்களின் மொழியிலும் படம் போட்டு ஒட்டட்டும். இந்த வேலையைத் திறன்சார்ந்த வேலையாக வகைப்படுத்திக் கூலியை உயர்த்தட்டும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் டிப்ளமோ சிவில் படித்தவர்கள், பொறியியல் முடித்தவர்கள், ஒப்பந்த நிறுவனத்தில் சைட் சூப்பர்வைசராக முதல் வேலையில் இருப்பவர்கள். வேலை போய்விடும் என்ற அச்சம் உங்களுக்கும் உண்டு என்பது தெரியும். ஆனால் தளத்தில் 'முடியாது' என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்கப்படும் முதல் படியில் நிற்பவர் நீங்கள்தான். "கிரேன் இல்லாமல் இறக்கினால் குழாய் கீறும், சோதனையில் திருப்பிவிடுவார்கள்" என்று சொல்லியாவது நிறுத்துங்கள். மனிதருக்காக நிற்காத வேலை குழாய்க்காக நிற்கும் என்றால், அந்த அவமானம் உங்களுடையது இல்லை, வேலையைத் தொடரச் சொல்பவருடையது.

தளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் வழி உண்டு. உங்கள் ஊரில் குழாய்ப் பணி நடக்கிறதா? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்தத்தின் பாதுகாப்பு நிபந்தனைகளையும் தொழிலாளர் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், மே 1 தொழிலாளர் நாள். தண்ணீருக்கான நாளில் குழாய் எந்தத் தெருவரை வந்தது என்று கேளுங்கள். தொழிலாளர் நாளில் அதை இறக்கியவர்களின் பெயர்ப்பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். பட்டியல் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.